எருக்கு: வழிபாடும் மருந்தும் நஞ்சும்

சைவ நன்மக்கள் நாடோறும் காண்பதும், கண்டும் பொருட்படுத்தாது கடந்து செல்வதுமாகிய செடிகளுள் எருக்கு ஒன்று. ஊர்ப்புறத்திலும், இடுகாட்டு வழியிலும், இடிந்த சுவரிலும், பயிர் ஏறாத வறுநிலத்திலும் இது தானே முளைத்துத் தானே வளரும். நீர் விடுவாரில்லை, வேலி கட்டுவாரில்லை. எனினும், இதனைப்பற்றி மக்களிடையே வழங்கும் கொள்கைகளோ ஒன்றோடொன்று மாறுபடுவன. எருக்கு முளைத்த மனை பாழ் என்று அஞ்சுவோர் ஒருசாரார். வெள்ளெருக்கின் வேரைத் தேடிக் கொணர்ந்து வீட்டில் வைத்தால் செல்வம் செழிக்கும் என்று நம்புவோர் மற்றொருசாரார். மருந்து என்பார் உளர். நஞ்சு என்பாரும் உளர். இவற்றிற்கெல்லாம் மேலாக, சிவபெருமான் திருச்சடையில் அணியும் மலர் இது என்று திருமுறைகள் போற்றுகின்றன. இம்மாறுபாடுகள் எவ்வாறு எழுந்தன, சைவ சித்தாந்தம் கற்றோர் இவற்றுள் எதனைக் கொண்டு எதனைத் தள்ளுதல் வேண்டும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பெயரும் இயல்பும்

வடமொழியில் இதனை அர்க்கம் என்பர். அது தமிழில் அருக்கம் எனத் திரிந்து வழங்கும். அர்க்கன் என்பது ஞாயிற்றுக்கும் பெயர். பெயர் ஒன்றாதல் பற்றியே இச்செடி ஞாயிற்றின் வழிபாட்டிற்கு உரியதாயிற்று. சுசுருத சங்கிதை மருந்துப் பொருள்களைத் தொகை தொகையாக வகுக்குங்கால், ஒரு தொகைக்கு அர்க்காதி கணம் என இதன் பெயரையே முதற்கண் இடுகின்றது. அர்க்கம், அலர்க்கம் என இருவகையும் அதன்கண் கூறப்படும்.

தமிழ்நாட்டில் பெரிதும் காணப்படுவது கலோட்ரோபிஸ் ஜைகாண்டியா எனத் தாவர நூலார் பெயரிட்ட இனம். இதன் பூ பெரும்பாலும் வெளிறிய ஊதா நிறத்தது. சில செடிகளில் அது தூய வெண்மையாக அமையும், அதுவே வெள்ளெருக்கு. நிறத்தான் வேறுபட்டதன்றி இனத்தான் வேறுபட்டதன்று என்பது ஈண்டு நினைவில் வைக்கத்தக்கது. இலையையோ தண்டையோ கிள்ளினால் வெண்மையான பால் ஒழுகும். காய் முற்றி வெடிக்குங்கால், பட்டுப்போன்ற பஞ்சு சூடிய விதைகள் காற்றில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். வேர் ஆழ்ந்து இறங்குதலின் வறட்சியைத் தாங்கும். கைப்பும் நஞ்சும் உடைமையின் கால்நடைகள் இதனை விரும்பி உண்பதில்லை. ஆகவே, பிற செடிகள் பிழைக்கமாட்டாத இடத்தும், மனிதர் கைவிட்ட இடத்தும் எருக்கு நிலைபெறுகின்றது. எருக்கினாற் பாழ் விளைவதன்று; பாழினால் எருக்கு விளைகின்றது. காரணத்தைக் காரியமாகவும், காரியத்தைக் காரணமாகவும் மயங்கக் கொண்டமையே முதல் அச்சத்திற்கு வித்தாயிற்று.

வேதத்துள் எருக்கிலை

எருக்கு உருத்திர வழிபாட்டிற்கு உரியதாதல் பிற்காலத்து வழக்கமன்று. சைவர் நாடோறும் ஓதிப் போற்றும் திருவுருத்திரம், யசுர் வேதத்துள் அக்கினி சயனம் என்னும் வேள்வியின்கண் சதருத்திரீய ஓமத்திற்கு உரியதாக அமைந்தது. செங்கற்களை அடுக்கிய வேதிகை நிறைவுற்றதும், அதன்கண் தோன்றும் உருத்திரனது சினத்தைத் தணிவித்தற்பொருட்டு இவ்வோமம் செய்யப்படும். ஆண்டு மரத்தாலாகிய அகப்பையைக் கொள்ளாது, எருக்கிலையையே கருவியாகக் கொண்டு ஆகுதி சொரிதல் வேண்டும் எனத் தைத்திரீய சங்கிதையும் சதபத பிராமணமும் விதிக்கின்றன. அர்க்கம் என்பது உணவு எனவும், உணவினால் உருத்திரனை மகிழ்விக்கின்றான் எனவும் சதபத பிராமணம் அதற்குக் காரணம் கூறும்.

பொன்னும் வெள்ளியும் இருப்ப, பால் மரத்தாற் செய்த பாத்திரங்கள் இருப்ப, காட்டில் தானே முளைக்கும் செடியின் இலை ஈண்டுக் கொள்ளப்பட்டது. திருவைந்தெழுத்தினைத் தன் நடுவிற் பொதிந்து வைத்திருக்கும் திருவுருத்திரம் ஓதப்படுங்கால், இறைவன் திருமுன் ஏந்தப்பட்ட இலை எருக்கிலை என்பதனை அன்பர்கள் சிந்தித்தல் வேண்டும். இதனை இழிந்ததென இகழ்வார்க்கு இவ்வொன்றே விடையாகும்.

கோள்களுக்குரிய வேள்வியிலும் ஞாயிற்றுக்கு எருக்கஞ் சமித்தே உரியது. திங்களுக்குப் புரசும், செவ்வாய்க்குக் கருங்காலியும், புதனுக்கு நாயுருவியும், வியாழனுக்கு அரசும், வெள்ளிக்கு அத்தியும், சனிக்கு வன்னியும், இராகுவுக்கு அறுகும், கேதுவுக்குத் தருப்பையும் கூறப்படும். இரதசத்தமி நாளில் எருக்கிலைகள் ஏழினைத் தலையிலும் தோள் முதலிய உறுப்புக்களிலும் வைத்து நீராடும் வழக்கமும் இவ்வியைபு பற்றியதே.

உபமன்யு இருவர்

எருக்கினைப்பற்றிய கதைகளுட் புகழ்பெற்றது உபமன்யு கதை. அதனைச் சைவர் சிலர் மயங்கிக் கூறுதலின், ஈண்டுத் தெளிவு செய்தல் கடனாகின்றது.

மகாபாரதத்து ஆதிபருவத்தில், அயோத தௌமியர் என்னும் ஆசிரியரிடத்து உபமன்யு என்னும் மாணவன் ஒருவன் ஆனிரை மேய்த்து வந்தான். ஆசிரியர் அவனது குருபத்தியைச் சோதிப்பார்போல, அவன் ஏற்ற பிச்சையையும், பசுவின் பாலையும், கன்றுகளின் வாயிலிருந்து சிந்திய நுரையையும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கினார். பசி பொறுக்கலாற்றாத மாணவன் காட்டில் எருக்கிலையைத் தின்றான். அவ்விலையின் காரமும் கடுமையும் கண்ணைத் தாக்க, குருடனாகிக் கிணற்றில் வீழ்ந்தான். ஆசிரியர் தேடி வந்து, தேவ மருத்துவராகிய அசுவினிகளைத் துதிக்குமாறு பணித்தார். அவர்கள் தோன்றி அப்பம் ஒன்றை அளித்தபோதும், ஆசிரியர்க்குப் படைக்காமல் உண்ணேன் என அவன் மறுத்தான். அவ்வுறுதிக்கு மகிழ்ந்து அவர்கள் கண்ணொளி நல்கினர்.

இவனின் வேறானவர் சைவர் போற்றும் உபமன்யு முனிவர். அவர் வியாக்கிரபாத முனிவர் புதல்வர். பாலுக்கு அழுது பாற்கடல் பெற்றவர். கண்ணனுக்குச் சிவதீக்கை அளித்தவர். பெரியபுராணத் தொடக்கத்தில் நம்பியாரூரர் பெருமையைக் கயிலையில் முனிவர்க்கு உரைத்தவர். இவர் வரலாறு அப்பாரதத்துள்ளேயே அநுசாசன பருவத்தில் வருகின்றது. இவர்தம் தம்பியார்க்கும் தௌமியர் எனப் பெயருண்மையின், பெயரொப்புமை கண்டோர் இருவரையும் ஒருவராக்கி மயங்கினர். தந்தையும் வேறு, ஆசிரியரும் வேறு, வழிபட்ட தெய்வமும் வேறாதலின், இருவரும் வெவ்வேறாவர் எனத் தெளிக. பாலின் பொருட்டுப் பரமனை நோக்கி அழுதவர் ஒருவர். பால் விலக்கப்பட்டு எருக்கிலை தின்றவன் மற்றொருவன்.

இக்கதையினால் வேறொன்றும் பெறப்படுகின்றது. எருக்கு கண்ணைக் கெடுக்கும் என்பதனை அந்நாளிலேயே நம்மவர் அறிந்திருந்தனர். எருக்கம்பால் கண்ணிற் படின் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும் என்பதனை இக்காலத்துக் கண் மருத்துவர்களும் கண்டு எழுதியுள்ளனர்.

தமிழ் நூல்களிற் காண்பன

சங்கச் சான்றோராகிய கபிலர் வேள் பாரியைப் பாடுங்கால் எருக்கினை எடுத்தாள்கின்றார். நல்ல பூ என்றும் தீய பூ என்றும் எண்ணப்படாத எருக்கேயாயினும், ஒருவன் தன்பால் உள்ளதனைச் சூட்டினால் கடவுளர் அதனை வேண்டேம் என்னார். அதுபோல, அறிவிலாரும் சிறியாரும் சென்றாலும் பாரி கைவிடான் என்பது புறநானூற்று 106-ஆம் பாட்டின் கருத்து. குறுந்தொகையில் பேரெயின் முறுவலார், காமம் முதிர்ந்தோர் எருக்கங்கண்ணியைச் சூடி மடலேறுவர் என்கின்றார். பிறர் சூடாத பூவைச் சூடுதல் நாணினைத் துறந்தமைக்கு அடையாளம். ஆகவே, பண்டைத் தமிழர் எருக்கினை மங்கலப் பூவாகக் கொண்டிலர். ஆயினும், இறைவனுக்கு ஆகாதது என ஒதுக்கவுமில்லை.

ஔவையார் நல்வழியில், வழக்கினைத் தீர்க்கும் மன்றத்தில் ஒருதலையாகச் சான்று பகர்ந்தவனது மனையில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும் என்னும் கருத்துப்பட அறிவுறுத்துகின்றார். இதனை நன்கு நோக்குக. வெள்ளெருக்கு முளைத்தலால் அம்மனை கெட்டது என்று அவர் கூறிற்றிலர். நீதி தவறியதனாற் குடி கெட்டது. குடி கெட்டதனால் மனை பாழாயிற்று. பாழாகிய மனையில் எருக்குப் பூத்தது. கேட்டிற்குக் காரணம் அவனது வினையே. செடி அதன் அடையாளமாத்திரையே.

இங்ஙனம் மனிதர் வெறுத்த பூவைத்தான் இறைவன் விரும்பி அணிகின்றான். பிறையும், கங்கையும், அரவும், கொன்றையும், ஊமத்தமும், எருக்கும் அவன் சடையில் ஒருங்கு விளங்கும் காட்சியைத் தேவார முதலிகள் பலவிடத்தும் பாடுகின்றனர். சிவபூசைக்குரிய அட்ட புட்பங்களாகப் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், குவளை, பாதிரி, அலரி, செந்தாமரை என எட்டினைக் கூறுவர். தாமரையோடும் சண்பகத்தோடும் ஒரு வரிசையில் எருக்கும் வைத்து எண்ணப்பட்டது.

எருக்கத்தம்புலியூர்

நடுநாட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருஎருக்கத்தம்புலியூரில் வெள்ளெருக்கே தலமரம். விருத்தாசலத்தை அடுத்த இவ்வூர் இக்காலத்தில் இராசேந்திரப்பட்டினம் என வழங்கும். இறைவன் சுவேதார்க்கவனேசுவரர் எனவும் நீலகண்டேசுவரர் எனவும் பெயர் பெறுவர். சுவேதார்க்க வனம் என்பது வெள்ளெருக்கங்காடு. புலிக்கால் முனிவரோடு இயைபுடைய புலியூர்கள் ஐந்தனுள் இதுவும் ஒன்றாகக் கூறப்படும்.

இத்தலம் திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவதரித்தருளிய பதி. பாணர் குலத்தினராகிய அவர், மதுரையிற் சென்றபோது ஆலயத்தின் வாயிற்புறத்தே நின்று யாழ் இசைத்தார். இறைவனோ தொண்டர்க்கு உணர்த்தி அவரைத் திருமுன் அழைப்பித்து, ஈரத்தினால் யாழ் நரம்பு கெடாதபடி பொற்பலகை இடுவித்தான். திருவாரூரில் அவர் புகுதற்கென வடதிசையில் வாயில் வகுப்பித்தான். பின்னர் அவர் ஆளுடைய பிள்ளையாரை அடைந்து, பதிகங்களை யாழிலிட்டு வாசித்து உடன் சென்றார். பிள்ளையாரும் அவருடன் எருக்கத்தம்புலியூர்க்கு எழுந்தருளிப் பதிகம் பாடியருளினார்.

உலகத்தார் புறத்தே நிறுத்திய அடியாரை அகத்தே அழைத்த அருளும், உலகத்தார் சூடாத மலரைச் சடையிற் சூடிய அருளும் ஒன்றே. அவ்வடியார் பிறந்த ஊருக்கு எருக்கே தலமரமாக அமைந்தமை அடியவர் உள்ளத்தை உருக்குவதாம்.

மந்திர வழக்குகள்

இனி, மக்களிடையே வழங்கும் மந்திரச் சார்பான வழக்குகளைக் காண்போம். வெள்ளெருக்கின் வேரைத் தோண்டி எடுத்து, அதில் பிள்ளையார் திருவுருவம் செதுக்கி வழிபடுதல் பலவிடத்தும் உண்டு. எருக்கம்பூ மாலையைப் பிள்ளையார் சதுர்த்தியன்று மண்ணாற் செய்த திருவுருவத்திற்குச் சூட்டுதலும் தமிழ்நாட்டுப் பொதுவழக்கு. தண்டின் நாரைத் திரித்து விளக்குத் திரியாக இடுவர். குழந்தைகட்கு அரைஞாணாகக் கட்டுவாரும் உண்டு. வேரைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் பேய் அணுகாது, பகை வெல்லும், பொருள் குவியும் என்பர். மனைவியர் இருவரை இழந்தவன் மூன்றாவது மணம் செய்யுமுன் எருக்கஞ் செடிக்கு மங்கலநாண் பூட்டும் அர்க்க விவாகம் என்னும் சடங்கும் வடநூல் வழிப்பட்டு வழங்கியது. மூன்றாம் மணத்திற்கு உளதாகக் கருதிய தீங்கு செடியைச் சார்ந்தொழியும் என்பதே அதன் கருத்து.

இவற்றுள் பூச்சூட்டலும் திருவுருவ வழிபாடும் ஒருவகை. தாயத்தும் சடங்கு மணமும் மற்றொருவகை. முன்னவற்றில் வழிபடப்படுவது செடியன்று. செடியை இடமாகக் கொண்ட இறைவனே. பின்னவற்றில் செடிக்கே தனியாற்றல் கற்பிக்கப்படுகின்றது. இவ்வேறுபாடே சித்தாந்திகள் பற்றிக்கொள்ள வேண்டியது.

மருந்தும் நஞ்சும்

சித்த மருத்துவர் எருக்கின் இலை, பூ, பட்டை, பால் ஆகிய அனைத்தையும் பயன்படுத்துவர். இலையில் எண்ணெய் தடவி அனலில் வாட்டி மூட்டு வீக்கத்தின்மேல் வைத்துக் கட்டுதல் வீட்டு மருத்துவத்திலும் உண்டு. பூவை மிளகு முதலியவற்றோடு சேர்த்து இரைப்பு நோய்க்குக் கொடுப்பர். பாலினை உலோக மருந்துகளைப் புடமிடுதற்கு முன் அரைத்தற்குக் கொள்வர். 1868-இல் ஆங்கில அரசு வெளியிட்ட இந்திய மருந்து நூலிலும் இதன் வேர்ப்பட்டை மதார் என்னும் பெயரோடு இடம்பெற்றது. வயிற்றுக் கடுப்பிற்கு அயல்நாட்டினின்று வந்த இபிகாகுவானா வேருக்கு ஈடாக அதனைக் கொள்ளலாம் என அக்காலத்து மருத்துவர் கருதினர்.

ஆயினும், இதன் பாலில் கலோட்ரோபின் முதலிய நச்சுப்பொருள்கள் உள. இவை டிஜிட்டாலிஸ் என்னும் இருதய மருந்தின் இனத்தைச் சார்ந்தன. அளவு மீறின் இருதயத்தின் இயக்கத்தையே நிறுத்த வல்லன. ஆதலின், கற்றறிந்த மருத்துவர் சுத்திசெய்து அளவறிந்து கொடுத்தாலன்றி, ஏட்டிற் கண்டவாறும் பிறர் சொற்கேட்டும் எருக்கினை உட்கொள்ளுதல் உயிர்க்கு இறுதி பயக்கும். பறித்த கையால் கண்ணைத் தொடுதலும் ஆகாது. பூசைக்குப் பூக்கொய்யும் அன்பர்களும் சிறுவர்களும் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

சொல்லவும் நெஞ்சு நடுங்கும் செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் சிலவிடங்களிற் பிறந்த பெண்மகவைக் கொல்லுதற்கு எருக்கம்பாலைப் புகட்டிய கொடுமை 1980-களில் பத்திரிகைகள் வாயிலாக வெளிப்பட்டு நாட்டினரைத் தலைகுனிய வைத்தது. அதனைத் தடுத்தற்பொருட்டுத் தமிழ்நாட்டரசு 1992-இல் தொட்டிற் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. ஞானப்பால் உண்ட பிள்ளையாரையும், பேயுருவம் வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரையும் போற்றும் நாட்டில், தாய்ப்பாலுக்கு ஈடாக நச்சுப்பால் வார்த்த கை இருந்தது என்பது ஆறாப் பழியன்றோ! செடியின்மேல் குற்றமில்லை. அச்செடியையே ஒருவன் சிவனுக்குச் சூட்டுகின்றான்; ஒருவன் நோய்க்குக் கட்டுகின்றான்; ஒருவன் கொலைக்குக் கொள்கின்றான்.

வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எருக்கிலையும் உணவு. அவ்விலையின் நஞ்சு அதனைக் கொல்வதில்லை. உடம்பில் தங்கிப் பறவைகள் உண்ணாதபடி காப்பாகின்றது. ஒன்றே ஓரிடத்து நஞ்சாய் மற்றோரிடத்துக் காவலாதலை இங்கும் காண்க.

சித்தாந்த முடிபு

இவற்றாற் பெறப்படுவது யாது? எருக்கு மாயையின் காரியமாகிய சடப்பொருள். சடம் தானே அறிந்து ஒன்றனைச் செய்யாது. உயிரின் வினைக்கேற்ப இறைவன் திருவருள் செலுத்தச் செயற்படும். மருந்து நோயைத் தீர்ப்பதும் அப்பொருளில் அமைந்த இயல்பினாலும், அதனைக் கூட்டுவிக்கும் அருளினாலுமேயாம். மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்ப்பான். சிலவற்றைப் பாலும் கட்டியும் கூட்டிக் கொடுத்துத் தீர்ப்பான். அதுபோல இறைவனும் இன்பதுன்பங்களை ஊட்டியே வினையை ஒழிப்பன் எனச் சிவஞான சித்தியார் உவமை கூறிற்று. ஆதலின், மருந்துண்ணல் சிவநெறிக்கு மாறாகாது. அதுவும் அருளின் வழியே.

வேரைக் கட்டினால் வினை நீங்கும், செல்வம் தானே வரும் என்னும் கொள்கையோ அங்ஙனம் அன்று. அது சடத்திற்கு இறைமைத் தொழிலைக் கற்பித்தலாய், பதியையும் பாசத்தையும் மயக்குகின்றது. சூலைநோய் கொண்ட திருநாவுக்கரசர்க்குப் பிறர் ஓதிய மந்திரங்கள் பயன்படவில்லை. தமக்கையார் ஐந்தெழுத்தோதி அளித்த திருநீறே வழிகாட்டிற்று. ஆண்டும் நீற்றினைத் தனித்த ஒரு பொருளாகக் கொள்ளாது, சிவத்தின் அடையாளமாகக் கொண்டு அணிந்தமையினாலேயே அருள் விளங்கியது.

அற்றேல், வெள்ளெருக்குப் பிள்ளையாரை வழிபடுதல் தவறோ எனின், அன்று. வேண்டியது செல்வமேயாயினும் இறைவனை நோக்கி வேண்டுதல் வழிபாடு; வேரை நோக்கி வேண்டுதல் மயக்கம். அத்திருவுருவத்திற்கென உயிருள்ள செடியை வேரோடு அகழ்ந்து விலைபேசி விற்போரிடத்து ஏமாறுதலினும், நின்ற செடியில் ஒரு பூக்கொய்து அன்போடு சாத்துதல் சாலச் சிறந்தது. வெள்ளெருக்குக் கிடையாத இடத்து ஊதா நிற எருக்கினைக் கண்டு மனம் வருந்துதலும் வேண்டா.

பொன்னில்லார்க்கும், தோட்டமில்லார்க்கும், விலை கொடுத்துப் பூ வாங்க இயலாதார்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் எருக்குப் பூத்து நிற்கின்றது. பிறர் வேண்டாததனைத் தான் வேண்டும் பெருமானுக்கு அது போதும். நஞ்சையும் மிடற்றில் அடக்கி நீலகண்டனானவன், நஞ்சுடைய செடியின் மலரையும் மறாது ஏற்றான். குற்றமுடைய நம்மையும் அவ்வாறே ஏற்பான் என்பதனை நமக்கு நினைவூட்டுதலினும் மேலான மந்திரம் இவ்வெருக்கினிடத்து வேறில்லை.

சிவம்.